கொட்டானுக்கு என்ன விலை வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செட்டிநாட்டு ஊர்களிலிருந்து, வீட்டில் இருந்தபடியே கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடைந்து விற்கும் பெண்களிடமிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். பூ வேலைப்பாடும் பாசிமணி வைத்த குரோஷே விளிம்பும் உள்ள நடுத்தர அளவுக் கொட்டான் ஒன்றை 350 ரூபாய்க்கு விற்கிறேன். வாங்குபவர்கள் அதையும் குறைக்கச் சொல்கிறார்கள். “ஓலைக்கு என்ன காசு?” என்று உறவினர்களே கேட்கிறார்கள். விற்பனை நன்றாக நடந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்கே தவறுகிறேன்? (தேவகோட்டை)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ஓலைக்கும் சாயத்துக்கும் நூலுக்கும் மணிக்கும் ஆகும் செலவைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கொட்டானுக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்பதை எங்கும் எழுதவில்லை. வீட்டில் செய்கிற வேலைக்குக் கூலி கணக்கிடும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதுதான் உங்கள் சிக்கலின் வேர்.

அதற்கு இந்த வட்டாரத்தில் ஒரு தனிக் காரணமும் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் வீடுகளில் காலணாவுக்குக்கூடப் பேரேட்டில் பற்று வரவு எழுதி ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டார்கள். அதே வீடுகளின் வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) அமர்ந்து ஆச்சிமார் முடைந்த கொட்டானும் தடுக்கும் கல்யாணத்துக்கும் சீருக்கும் சாமி காரியத்துக்கும் பயன்பட்டனவே தவிர விற்பனைக்குப் போகவில்லை. ஆகவே அவற்றுக்குப் பேரேட்டில் பக்கமும் இல்லை, சந்தையில் வழிவழியாக வந்த விலையும் இல்லை. இன்று நீங்கள் சொல்லும் விலையைக் கேட்பவர் தம் நினைவில் ஒப்பிட்டுப் பார்ப்பது, பாட்டி வீட்டில் பணம் தராமல் கிடைத்த ஒரு பொருளோடு. அவர் மீது கோபப்படுவதில் பயனில்லை. விலையை நீங்கள்தான் கட்டியெழுப்ப வேண்டும், அதற்குக் கணக்கு வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓலையும் சாயமும் 45 ரூபாய், நூலும் மணியும் 60 ரூபாய், பெட்டி, தாள், ஒட்டுநாடா ஆகியவை 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; பொருள் செலவு 130 ரூபாய். ஈர்க்கு நீக்கி ஓலையைக் கிழிப்பது, சாயத்தில் வேகவைப்பது, முடைவது, விளிம்பு பின்னுவது எல்லாம் சேர்ந்து ஐந்தரை மணி நேரம் என்றும், மணிக்கு 70 ரூபாய் கூலி என்றும் கொண்டால் 385 ரூபாய். இரண்டும் சேர்ந்து 515. நிறம் கெட்டு ஒதுக்கியவை, கடைக்குப் போய்வந்த பேருந்துச் செலவு, அடுப்பு எரிந்த எரிவாயு, தொலைபேசிக் கட்டணம் ஆகியவற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 566. இதுதான் அடக்க விலை. இதன் மேல் 15 விழுக்காடு லாபம் வைத்தால் 650 ரூபாய் ஆகிறது. நீங்கள் 350 ரூபாய்க்கு விற்கும்போது, பொருள் செலவும் மற்றச் செலவும் போக, ஐந்தரை மணி நேர உழைப்புக்கு உங்களுக்கு நிற்பது 168 ரூபாய்தான். மணிக்கு 31 ரூபாய்கூட முழுதாக இல்லை. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று நீங்கள் உணர்வது பிரமையன்று.

நாளைக் காலையே விலையை 650 ஆக்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு சிறிய குறிப்பேட்டைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, வேலைக்கு உட்காரும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒரு மாதம் எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் நிறம் பற்றிப் பேசிய நேரமும் வேலை நேரம்தான், அதையும் எழுத வேண்டும். மாத முடிவில் எந்த அளவு, எந்தப் பின்னல் உங்களுக்குக் கூலி தருகிறது, எது தரவில்லை என்பது தெரிந்துவிடும். பல வீடுகளில் நான் கண்டது, மிகுந்த பாராட்டைப் பெறும் நுணுக்கமான பெரிய கொட்டான்தான் மிகக் குறைந்த கூலி தருகிறது. சாதாரணமான சிறிய மூடிபோட்ட பெட்டிகள் அந்த இழப்பை ஓசையின்றி ஈடுகட்டுகின்றன. அத்தகைய பெரிய வேலையை முன்பதிவுக்கு மட்டும் செய்யுங்கள், விலையையும் முதலில் அதில் உயர்த்துங்கள்.

உறவினர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனமுவந்து கொடுக்க விரும்பினால் அன்பளிப்பாக முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முழு விலை வாங்குங்கள். பாதி விலை என்பது இரண்டு பக்கமும் மனக்குறையை வளர்க்கிறது: வாங்கியவருக்குப் பணம் கொடுத்த நினைவும், கொடுத்தவருக்கு இழந்த நினைவும் நிற்கும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர், என் கொட்டான்களைக் கடையில் வைத்து, விற்ற பிறகு பணம் தருவதாகவும் விலையில் 30 விழுக்காடு தமக்கு வேண்டும் என்றும் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: முப்பது விழுக்காடு என்பது கேட்பதற்குக் கூடுதலாகத் தோன்றினாலும், கடை வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் ஆகியவற்றை அவர்தான் சுமக்கிறார் என்பதால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் விலை அந்தப் பங்கைத் தாங்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 650 ரூபாய்க்கு விற்றால் உங்கள் கைக்கு 455 ரூபாய் வரும், அடக்க விலையே 566. கடையில் 800 ரூபாய் என்று வைத்தால் 560 ரூபாய் வரும்; ஏறக்குறைய அடக்கம் கிடைத்துவிடும், லாபம் கிடையாது. ஆகவே கடைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே கடைக்காரரின் பங்கையும் உள்ளடக்கிச் சில்லறை விலையை நிர்ணயித்து, வீட்டுக்கு நேரில் வருபவருக்கும் அதே விலையைச் சொல்ல வேண்டும். கடையில் 800 ரூபாய்க்கு இருக்கும் பொருளை வீட்டு வாசலில் 600 ரூபாய்க்குக் கொடுத்தால் அந்தக் கடைக்காரர் இரண்டாம் முறை உங்களை அழைக்க மாட்டார்.

ஒப்புக்கொண்டால், எத்தனை உருப்படிகள், ஒவ்வொன்றின் விலை, எந்தத் தேதியில் கணக்கு முடிப்பது, எத்தனை மாதம் விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வது, கடையில் இருக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் சாயம் வெளுத்துவிடும் என்பதையும் அதில் எழுதுவது நல்லது. முதல் முறை பத்துப் பன்னிரண்டு உருப்படிகளுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சென்னையில் இருக்கும் ஒரு குடும்பத்தார் தை மாதம் தம் பூர்வீக வீட்டில் நடத்தும் திருமணத்துக்கு 500 தாம்பூலக் கொட்டான் கேட்கிறார்கள். இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு இதுவே முதல். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. (கோனாபட்டு)

பதில்: பயத்தைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். சிறிய தாம்பூலக் கொட்டான் ஒன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று வைத்தால், 500 கொட்டானுக்கு 625 மணி நேரம். வீட்டு வேலைக்கு நடுவே நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார முடிந்தால் 125 நாள் ஆகும்; உங்களிடம் இருப்பது எழுபத்தைந்து நாள். தனியாக முடியாது. நால்வர் சேர்ந்தால் முப்பத்திரண்டு நாளில் முடியும், உடல்நலக் குறைவுக்கும் விருந்தாளிக்கும் மழைக்கும் இடம் விட்டும் நாள் மிஞ்சும். ஆகவே கூட்டாளிகள் மூவர் உறுதியாகக் கிடைத்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

சேர்ந்து செய்யும்போது பலர் தடுமாறுவது நிறத்தில்தான். நால்வரும் அவரவர் வீட்டில் தனித்தனியாகச் சாயம் காய்ச்சினால் நான்கு விதமான சிவப்பு வந்து நிற்கும். ஒரே தாம்பாளத்தில் அடுக்கும்போது அது கண்ணை உறுத்தும். முழு ஓலையையும் ஒருவரே, ஒரே சாயப் பொட்டலத் தொகுதியிலிருந்து, ஒரே பாத்திரத்தில், ஓலை ஊறும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளந்து காய்ச்சி, உலர்த்தி, எண்ணிப் பிரித்துக் கொடுக்கட்டும். அளவு ஒன்றாக இருப்பதற்கு ஒவ்வொருவருக்கும் அடிப்பகுதியின் அகலத்துக்கு அட்டை ஒன்று வெட்டிக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காய்வது கடினம் என்பதால் குருத்தோலையை இப்போதே வாங்கிக் காயவைத்துவிட வேண்டும். மரம் ஏறுபவரிடம் ஒரே மரத்தில் குருத்தை மீண்டும் மீண்டும் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிதாக விரியும் ஓலை குருத்திலிருந்துதான் வர வேண்டும். அளவுக்கு மீறி வெட்டினால் மரம் நலிந்துவிடும். பனை இந்த மாநிலத்தின் மரம் மட்டுமல்ல, நம் தொழிலின் முதன்மையான மூலப்பொருள் அதுதான்.

பண விஷயத்தில் கூச்சம் வேண்டாம். மாதிரி ஒன்று செய்து காட்டி, அந்த நிறமும் அளவும் சரி என்று அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பின்னரே சாயம் காய்ச்சுங்கள். மீதியைப் பொருள் கைமாறும் நாளில் வாங்குங்கள். மாதிரிக்கு ஒப்புதல் தந்த பிறகு நிறத்தை மாற்றினால் காய்ச்சிய ஓலையின் செலவு அவர்களைச் சேரும் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாளை ஒப்படைக்கும் நாளாகச் சொல்லாதீர்கள், பத்து நாள் முன்னதாக வையுங்கள். உங்களோடு முடைபவர்களுக்கு அவரவர் உருப்படிகளை ஒப்படைத்த அன்றே கூலி கொடுத்துவிட வேண்டும். கல்யாண வீட்டார் பணம் தரட்டும் என்று அவர்களைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை; முன்பணம் கேட்பதற்கு இதுவே முதற்காரணம்.

கேள்வி: நாங்கள் இருப்பது பங்காளிகள் சேர்ந்து வாழும் பழைய வீடு. எங்கள் பங்குக்கு ஓர் அறையும் வளவில் முன்பகுதியும்தான். வேலைக்கு உட்கார்ந்தால் யாராவது வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். “வீட்டில்தானே இருக்கிறாய்” என்று எல்லா வேலையும் என்னிடம் வருகிறது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது? (பள்ளத்தூர்)

பதில்: இந்தக் கேள்வி வேறு சொற்களில் பல கடிதங்களில் இருந்தது, ஆகவே இதைக் குடும்பச் சிக்கல் என்று ஒதுக்காமல் தொழிலின் சிக்கலாகவே எடுத்துக்கொள்கிறேன். அலுவலகம் போகிறவருக்கு வாசற்படி தாண்டுவதே அறிவிப்பு. உங்களுக்கு அப்படி ஒரு படி இல்லாததால் அதை நீங்களே ஏற்படுத்த வேண்டும். நாள் முழுவதும் வேலை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை, மாலை மூன்று முதல் ஐந்தரை வரை என்று குறித்த நேரத்தைச் சொல்லி, அந்த நேரம் தவறாமல் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வீடு அதற்குப் பழகிவிடும். அந்த நேரத்துக்கு வெளியே ஓலையைத் தொடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

மாமியாரிடம் நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்காமல், மேலே சொன்ன குறிப்பேட்டை அவரிடம் காட்டிப் பேசுங்கள். “அத்தை, இந்த வாரம் இருபது மணி நேரம் உட்கார முடிந்தது, இவ்வளவு வந்தது, பதினைந்து மணி நேரம் உட்கார்ந்த வாரத்தில் இவ்வளவுதான்” என்று எண்ணைச் சொல்லிப் பேசும்போது அது மருமகளின் குறையாகக் கேட்காது. வரவில் ஒரு பகுதியை அவர் அறிய வீட்டுச் செலவுக்குத் தனியாகக் கொடுங்கள். ஓலை முடையத் தெரிந்த மூத்த தலைமுறையினர் இன்னும் இருக்கும் வீடுகளில் அவர்களைக் கேட்டுப் பழைய பின்னல்களைக் கற்றுக்கொள்வது வேலைக்கும் உதவும், உறவுக்கும் உதவும்.

இடத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வளவின் வெளிச்சம் முடைவதற்கு மிகவும் ஏற்றது, ஆனால் சாயம் காய்ச்சுவதை அங்கே செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, நீரை உறிஞ்சும். சிந்திய சாயம் இறங்கிவிட்டால் கறை போகாது, பொதுத் தளத்தில் கறை என்றால் பங்காளிகளோடு மனத்தாங்கல் வரும். கொல்லைப்புறத்தில், குழந்தைகள் கை எட்டாத இடத்தில், சமையலுக்குப் பயன்படுத்தாத தனிப் பாத்திரத்தில் காய்ச்சுங்கள்.

கேள்வி: என் மனைவி இரவு பதினொரு மணி வரை குனிந்து முடைகிறார். கழுத்து வலி என்கிறார், விரல் நுனியெல்லாம் கீறல். நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு முடையத் தெரியாது. எப்படி உதவுவது? (புதுவயல்)

பதில்: தம்பி, இதைக் கேட்கத் தோன்றியதற்கே உங்களைப் பாராட்டுகிறேன். முடைவதைத் தவிர இந்தத் தொழிலில் வேறு வேலைகள் ஏராளம்: காரைக்குடியிலிருந்து நூலும் சாயமும் வாங்கி வருவது, பொட்டலம் கட்டித் தபாலில் சேர்ப்பது, கணக்கு எழுதுவது, வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் அனுப்புவது. இவற்றில் எதை உங்களிடம் விட விரும்புகிறார் என்று அவரைக் கேட்டு, அதை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நினைவூட்டினால் செய்யும் உதவி அவருக்கு இன்னொரு வேலைதான். விலையையும் வடிவத்தையும் மட்டும் அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

சாய்ந்து உட்கார முதுகுத் தாங்கலும், கொட்டான் மார்பளவு உயரத்தில் இருக்கும்படி ஒரு தாழ்வான பலகையும் ஏற்பாடு செய்யுங்கள். ஓலையை ஈரத்துணியில் சுற்றி மென்மையாக்கி எடுத்தால் கீறல் குறையும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். சாயம் போட்ட ஓலையை இரவு விளக்கில் தேர்ந்தெடுக்க வேண்டாம், நிறம் ஏமாற்றும். வலி தொடர்ந்தாலோ கை மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து விற்பதற்குப் பதிவு, ஜிஎஸ்டி எல்லாம் வேண்டுமா? அரசுக் கடன் கிடைக்குமா? (கண்டனூர்)

பதில்: குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துகொள்ளுங்கள். ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். இதற்குக் கட்டணம் கேட்கும் தளங்களும் ஆட்களும் இருக்கிறார்கள், ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பொதுவாக வேறு மாநிலத்துக்கு விற்றால் பதிவு வேண்டும் என்றாலும், அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை விலக்கு உண்டு. இலை, நார் கொண்டு செய்தவையும் அந்தப் பட்டியலில் உள்ளன, பான் எண்ணும், பொருளை அனுப்பும்போது இ-வே பில் என்னும் மின்வழிச் சீட்டும் இருக்க வேண்டும். பெரிய இணைய விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும்: 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதவரும் அவற்றில் விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

கடனுக்கு, தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த கைவினைஞர்கள் 3 லட்சம் ரூபாய் வரை பெறலாம். 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் உண்டு. கூடை முடைதலும் அதில் சேர்ந்த தொழில். விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். ஆனால் மூன்று மாதக் கணக்காவது கையில் இல்லாமல் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்தத் தொழிலுக்கு இயந்திரம் இல்லை, கட்டடம் இல்லை. விலையில் இருக்கும் ஓட்டையைக் கடன் அடைக்காது. அதற்கு முன்னால், வீட்டுப் பணமும் தொழில் பணமும் கலக்காதபடி தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள்.

கேள்வி: என் கொட்டானின் படத்தை எடுத்து அதே மாதிரியைப் பக்கத்து ஊரில் ஒருவர் செய்து விற்கிறார். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அவரைத் தடுக்க முடியாதா? (கொத்தமங்கலம்)

பதில்: முடியாது, அது அதற்காக ஏற்பட்டதும் அன்று. 2013இல் கிடைத்த அந்தக் குறியீடு, இந்த வட்டாரத்துக்கு வெளியே செய்ததைச் செட்டிநாடு கொட்டான் என்ற பெயரில் விற்பதைத் தடுக்க உதவும். வட்டாரத்துக்குள் முறையாக முடைபவர் எல்லோருக்கும் அந்தப் பெயர் பொதுச்சொத்து. நீங்களும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளலாம். நட்சத்திரமும் கோபுரமும் வைத்த பழைய பின்னல்கள் யாருக்கும் தனியுரிமை அல்ல. ஆனால் உங்கள் படத்தையே அவர் தம்முடையது என்று போட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நேரில் போய், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் விற்பனைக்கு வைத்த கொட்டான்களில் பூசணம் பூத்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (ஆத்தங்குடி)

பதில்: பூசணம் லேசாக இருந்தால் உலர்ந்த மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டி எடுத்து, காலை வெயிலில் சிறிது நேரம் வைத்து, பிறகு நிழலில் நன்றாக உலரவிடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் மேலும் பரவும். கருப்புப் புள்ளி ஓலைக்குள் இறங்கியிருந்தால் அந்த உருப்படியை விற்க வேண்டாம். முடைந்து முடித்த கொட்டானில் நனைத்த ஓலையின் ஈரம் இன்னும் இருக்கும் என்பதால், இரண்டு நாளாவது காற்றோட்டத்தில் வைக்காமல் அடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வைப்பதும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். செய்தித்தாளிலோ பருத்தித் துணியிலோ சுற்றி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளிய மரப்பலகையில் வையுங்கள். வாங்கிச் செல்பவருக்கும் இதையே ஒரு சிறு சீட்டில் அச்சிட்டுக் கொட்டானுக்குள் போட்டுக் கொடுங்கள்.